கல்லறைத் தோட்டத்துக் கற்சிலுவைகள்: காத்தலின் அறம் குறித்து

இங்கிலாந்தின் வடஎல்லையை ஒட்டிய கம்ப்ரியப் பகுதியில் பியூகாசில் என்றொரு சிற்றூர் உள்ளது. அவ்வூர்த் தூய கத்பர்ட் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், ஏறத்தாழ நாலரை மீட்டர் உயரமுடைய ஒற்றை மணற்கல் தூண் ஒன்று நிற்கின்றது. கி.பி. ஏழாம் நூற்றாண்டின் இறுதியிலோ எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ செதுக்கப்பட்ட சிலுவையின் தண்டு அது, தலைப்பகுதி இன்றில்லை. மேற்கு முகத்தில் திருமுழுக்கு யோவான், விலங்குகளின்மேல் நிற்கும் கிறிஸ்து, பறவையுடன் நிற்கும் ஆடவன் ஆகிய மூன்று உருவங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்துள்ளன. கிழக்கு முகம் முழுவதும் ஒரே கொடி வளைந்து வளைந்து ஏற, அதன் கனிகளைப் பறவைகளும் விலங்குகளும் உண்கின்றன. தென்முகத்தில் கதிரவன் நிழலால் பொழுது காட்டும் கடிகை ஒன்று செதுக்கப்பட்டுள்ளது. இங்கிலாந்தில் எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழைய கதிர்க்கடிகைகளில் ஒன்றாக அது எண்ணப்படுகின்றது. தூணில் ரூன் எனப்படும் பழைய செருமானிய வரிவடிவத்தில் எழுத்துகளும் உண்டு. மேற்கு முகத்தின் நீண்ட பொறிப்பு தேய்ந்து, அறிஞர்கள் ஆளுக்கொரு வகையாகப் படிக்கும் நிலையை அடைந்துவிட்டது.

இத்தூண் தொடக்கத்தில் நடப்பட்ட இடத்திலேயே இன்றும் நிற்பதாகக் கருதப்படுகின்றது. பதின்மூன்று நூற்றாண்டுகளாக மழையும் பனியும் காற்றும் அதன்மேல் படிந்து வந்துள்ளன. அதனைப் பெயர்த்து ஒரு கூரையின்கீழ் வைத்தால் எஞ்சிய செதுக்கல் பிழைக்கும். வைக்காவிடில் சிறிது சிறிதாக அழியும். இதில் ஐயமில்லை. ஆயினும் அதனைப் பெயர்த்தல் முறையா என்னும் வினா தொழில்நுட்பத்தால் விடை காணத்தக்கதன்று. காக்கப்பட வேண்டியது எது, யாருக்குக் கடன்பட்டுக் காக்கிறோம் என்னும் இரு வினாக்கள் அதனுள் அடங்கியுள்ளன. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமையே இப்பொருள் பற்றிய பல வாதங்களில் குழப்பத்தை விளைவிக்கின்றது.

யாருக்காக நின்ற கல்

இடைக்கால இங்கிலாந்தின் ஊர்க் கல்லறைத் தோட்டம் இன்று காண்பது போல வரிசை வரிசையான பெயர்க்கற்களைக் கொண்டிருக்கவில்லை. எளிய மக்களின் புதைகுழிமேல் பெயர் பொறித்த கல் நடும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டுக்குப் பின்னரே பரவலாயிற்று. அதற்கு முன் இறந்தோர் மண்ணுள் சென்றனர். சில தலைமுறைகளில் அதே மண்ணுள் வேறொருவர் வைக்கப்பட்டார். செல்வர்க்கும் குருமார்க்கும் சிலுவை செதுக்கிய பலகைக்கல் கிடைத்தது. அதிலும் பெயர் அரிது. வாள் செதுக்கியிருந்தால் போர்த்தொழில் அல்லது உயர்குடி எனவும், திருக்கிண்ணம் இருந்தால் குரு எனவும், கத்தரி இருந்தால் பெண் எனவும் கொள்வது வழக்கம். கத்தரியைக் கம்பளித் தொழிலின் அடையாளமாகக் கொள்ளவும் இடமுண்டு என்பதால் இக்கடைசி முடிபு அவ்வளவு உறுதியானதன்று.

பலகைக்கல்லும் பெறாதவர்க்கு என்ன இருந்தது? தேவாலயத்தின் வாயிலை நோக்கி, பெரும்பாலும் தென்புறத்தில், படிகளின்மேல் உயர்ந்து நின்ற ஒரு பொதுச் சிலுவை இருந்தது. குருத்து ஞாயிறன்று ஊர்வலம் அதன்முன் வந்து நின்றது. அவ்வளாகத்து மண்ணில் கிடந்த அனைவர்க்கும் அது ஒன்றே நினைவுக்கல். இடைக்கால இங்கிலாந்தில் பல்வேறு நோக்கங்களுக்காக நிறுத்தப்பட்ட கற்சிலுவைகளின் தொகை 12,000ஐக் கடந்திருக்கலாம் என்றும், அவற்றுள் தலையுடனோ தலையின்றியோ இன்று எஞ்சியவை 2,000க்கும் குறைவு என்றும் தொல்பொருள் பாதுகாப்புத் துறையினர் மதிப்பிடுவர். கல்லறைத் தோட்டச் சிலுவைகளில் பெரும்பாலானவை அடிப்பீடமும் முறிந்த தண்டுமாகவே நிற்கின்றன.

இப்பொதுமை எவ்வளவு தெளிவாக உணரப்பட்டது என்பதற்குக் குளோஸ்டர்ஷயர் பகுதியின் பிஸ்லி ஊரில் ஒரு சான்று உண்டு. அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, அறுகோண வடிவிலான, கூரிய முகடுடைய சிறு கற்கட்டடம் ஒன்று நிற்கின்றது. ‘ஏழை ஆன்மாக்களின் விளக்கு’ என்பது அதன் பெயர். தம் பொருட்டு மெழுகுதிரி ஏற்றவோ திருப்பலி செய்விக்கவோ பொருளில்லாத இறந்தோர்க்காக அதன் மாடங்களில் திரிகள் ஏற்றப்பட்டன. இங்கிலாந்தில் வெளியிடத்தில் எஞ்சியுள்ள இத்தகைய விளக்கு இது ஒன்றே எனக் கூறுவர். 1547ஆம் ஆண்டுச் சட்டம், இறந்தோர்க்காக வேண்டுதல் செய்ய நிறுவப்பட்ட அறக்கட்டளைகளை ஒழித்தது. அதன்பின் அவ்விளக்கில் திரி எரிய வேண்டிய காரணமே சட்டப்படி இல்லாமற் போயிற்று. கல் மட்டும் நின்றது.

நம்பிக்கை மறைந்த பின்னரும் அந்நம்பிக்கையின் பேரால் கொடுக்கப்பட்ட வாக்கு ஒருவரைக் கட்டுப்படுத்துமா? இறந்தவர் அறியமாட்டார்; வாக்களித்தவரும் இல்லை. பயன் நோக்கி அறம் உரைப்போர் இங்குக் கடன் எதுவும் இல்லை என்றே முடிப்பர். ஆனால் அவரும் தம் இறப்புக்குப் பின் தம் விருப்ப ஆவணம் மதிக்கப்பட வேண்டும் என எதிர்பார்ப்பவரே. இறந்தோர்க்குக் கடன் இல்லை என்னும் கொள்கையை வாழ்க்கையில் முழுமையாகப் பின்பற்றிய சமூகம் எதுவும் இல்லை.

உடைத்தவர் செய்த பாகுபாடு

இச்சிலுவைகளை அழித்தது மழையைவிட மனிதர்களே. அவ்வழிவிலும் ஓர் ஒழுங்கு இருந்தமை ஈண்டு நோக்கத்தக்கது. சமயச் சீர்திருத்தத்தின் வேகத்தில் கல்லறைச் சின்னங்களும் உடைக்கப்படுவதைக் கண்ட முதலாம் எலிசபெத், 1560இல் ஓர் ஆணை பிறப்பித்தார். வழிபாட்டுக்காக அல்லாமல் நினைவுக்காக நிறுவப்பட்ட பழஞ்சின்னங்களைச் சிதைத்தலாகாது என்பது அதன் சாரம். 1643இல் நாடாளுமன்றம் இயற்றிய ஆணை, தேவாலயங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் உள்ள சிலுவைகளையும் உருவங்களையும் அகற்றக் கட்டளையிட்டது. அதுவும் ஒரு விலக்கை வைத்தது: அரசர், பெருங்குடியினர் அல்லது புனிதராக எண்ணப்படாத பிற இறந்தோரின் நினைவுச் சின்னங்களுக்கு அக்கட்டளை பொருந்தாது.

நினைவு வேறு, வழிபாடு வேறு என்னும் இப்பாகுபாடு அறிவுக்கு ஏற்புடையதாகவே தோன்றும். ஆனால் நடைமுறையில் அது யாரைக் காத்தது? கல்லில் தம் உருவத்தைப் படுக்கவைக்கும் அளவுக்குச் செல்வம் படைத்திருந்த வீரனும் அவன் மனைவியும் சட்டத்தின் நிழலில் தப்பினர். தமக்கெனக் கல் இல்லாதவரின் ஒரே நினைவுச் சின்னம் சிலுவை வடிவில் இருந்தமையால் உருவ வழிபாட்டுப் பொருளாக எண்ணப்பட்டு வீழ்ந்தது. ஆணை இயற்றியோர் ஏழைகளைப் பழித்து இதனைச் செய்தனர் என்பதற்கில்லை. அவர்களுள் பலர் தம் மனச்சான்றின்படி நடந்தவர்களே. எனினும், தனிப்பெயர் உடைய நினைவு மட்டுமே நினைவு எனக் கொண்டதில் ஒரு குருட்டுத்தன்மை இருந்தது. இன்றைய பாதுகாப்புச் சிந்தனையிலும் அது வேறு உருவில் தொடர்கின்றது.

எல்லோரும் உடைக்கவில்லை. குளோஸ்டர்ஷயரின் ஆம்ப்னி குரூசிஸ் ஊரில் 15ஆம் நூற்றாண்டுச் சிலுவையின் தலைப்பகுதி தேவாலயச் சுவருக்குள் மறைத்து அடைக்கப்பட்டுக் கிடந்தது. 19ஆம் நூற்றாண்டில் வெளிப்பட்டு மீண்டும் தண்டின்மேல் ஏற்றப்பட்டது. சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவும், குழந்தையை ஏந்திய அன்னையும் அதில் இன்றும் தெளிவாகத் தெரிகின்றனர். ஊரார் ஒருவரோ சிலரோ கல்லைச் சுமந்து சென்று, சுண்ணம் குழைத்து, சுவரடைத்து, பின்னர் வாய் திறவாமல் இருந்திருக்க வேண்டும்.

இரு தூண்கள்

பியூகாசில் தூணுக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள், இன்றைய எல்லைக்கு அப்பால் ஸ்காட்லாந்தில், ருத்வெல் என்னும் ஊரில் அது உள்ளது. இரண்டும் செதுக்கப்பட்ட காலத்தில் அவ்விரு ஊர்களும் நார்தம்ப்ரியா என்னும் ஒரே நாட்டில் இருந்தன. ருத்வெல் சிலுவையின் பக்கங்களில் பழைய ஆங்கிலச் செய்யுள் வரிகள் ரூன் எழுத்தில் செதுக்கப்பட்டுள்ளன. அவ்வரிகளில் சிலுவையே தன் கதையைச் சொல்கின்றது. அவற்றோடு தொடர்புடைய நீண்ட பாடல், இத்தாலியின் வெர்செல்லி நகரில் பாதுகாக்கப்படும் 10ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்றில் உள்ளது.

1640இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவை உருவ வழிபாட்டுச் சின்னங்களை அழிக்க ஆணையிட்டது. 1642இல் ருத்வெல் சிலுவை தகர்க்கப்பட்டது. துண்டுகள் நெடுங்காலம் தேவாலயத் தரையிலும் பின்னர்க் கல்லறைத் தோட்டத்திலும் கிடந்தன. அவ்வூர்ப் போதகர் ஹென்றி டங்கன் அவற்றைச் சேர்த்து 1823இல் தம் இல்லத்துத் தோட்டத்தில் நிறுத்தினார். குறுக்குச் சட்டம் கிடைக்காமையால் புதிதாக ஒன்று செதுக்கச் செய்தார். 1887இல் சிலுவை தேவாலயத்துள் கொண்டுவரப்பட்டது. ஐந்து மீட்டரைக் கடந்த அதன் உயரத்துக்குக் கூரை போதாமையால் தரையில் பள்ளம் தோண்டி அதனுள் நிறுத்தினர். இன்று காண்போர் சிலுவையின் அடியைக் குனிந்து பார்க்கின்றனர்.

கூரைக்குள் சென்ற ருத்வெல் பிழைத்தது, வெளியில் நின்ற பியூகாசில் தேய்ந்தது எனச் சுருக்கிவிடலாம். அருங்காட்சியகச் சார்பு வாதம் இதனை அடிப்படையாகக் கொள்வது இயல்பே. ஆனால் பியூகாசில் சிலுவை தன் தலையை இழந்தது மழையால் அன்று. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரூன் எழுத்துகள் பொறித்த தலைப்பகுதித் துண்டு ஒன்று அங்கிருந்து எடுக்கப்பட்டு, பழமை ஆர்வலர்களான பெருங்குடியினர் கைமாறி, வரலாற்றறிஞர் வில்லியம் கேம்டனைச் சென்றடைந்தது. எழுத்துகளின் படி ஒன்று குறிப்பேடுகளில் எஞ்சியது, கல் காணாமற்போயிற்று. ஊரார் அறியாமையால் கெடுப்பர், கற்றோர் அறிவால் காப்பர் என்னும் பொதுநம்பிக்கைக்கு இஃது ஏற்ற சான்றன்று. ஆய்வுலகம் இதனை அடிக்கடி நினைவுகூர்வதில்லை.

பெயர்த்தலும் படியெடுத்தலும்

யார்க்ஷயரின் ரிச்மண்ட் நகருக்கருகே ஈஸ்பி என்னும் ஊரின் தேவாலயச் சுவரில், ஒன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தைச் சேர்ந்த சிலுவையொன்றின் துண்டுகள் கட்டுமானக் கற்களாகப் பதிந்திருந்தன. இடைக்காலக் கொத்தர்களே அதனை உடைத்துச் சுவருக்குப் பயன்படுத்தியிருந்தனர். 1931இல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அத்துண்டுகளை விலைக்கு வாங்கியது. ஈஸ்பியில் இப்போது இருப்பது சுண்ணச்சாந்துப் படி. இங்குப் பெயர்த்தலை எதிர்ப்பது எளிதன்று. தான் நின்ற மண்ணோடு அச்சிலுவை கொண்டிருந்த உறவு எப்போதோ அறுந்துவிட்டது. சுவருக்குள் முகம் மறைந்து கிடந்த செதுக்கல் வெளிப்பட்டதால் இறந்தோர் எவரும் எதனையும் இழக்கவில்லை. ஊர் இழந்தது உண்டு. அது உரிமை பற்றிய சிக்கல். கடன் பற்றியது அன்று.

இவ்வாறு பழங்கற்களைப் புதிய கட்டடத்துக்குப் பயன்படுத்தியது அரிய செயலும் அன்று. டார்பிஷயரின் பேக்வெல் தேவாலயத்தை 1840களில் புதுப்பித்தபோது சுவர்களிலும் அடித்தளத்திலும் இருந்து இடைக்காலக் கல்லறைப் பலகைகள் பெருந்தொகையாக வெளிப்பட்டன. அவற்றுள் பல இன்று அதன் முகப்பு மண்டபத்தில் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. கம்ப்ரியாவின் கோஸ்ஃபோர்த் ஊரில், வளைந்த முதுகும் வீட்டுக்கூரை வடிவும் கொண்ட வைக்கிங் காலக் கல்லறைக் கற்கள் இரண்டு 1896இல் தேவாலயத்தின் அடித்தளத்திலிருந்து எடுக்கப்பட்டன. ஒரே சமயத்தைப் பின்பற்றியவர்களே தம் முன்னோரின் கல்லறைக் கற்களை அடித்தளத்தில் இட்டனர். பகையில்லை, இகழ்ச்சியும் இல்லை. கல் தேவைப்பட்டது, கல் அருகில் கிடந்தது.

இச்செய்தி, கற்கள் நின்ற இடத்திலேயே நிற்கட்டும் என்போர்க்கு வலிய தடை. இடைக்கால மக்களே தம் கற்களை அவ்வாறு போற்றவில்லை எனில், அவர்கள் பொருட்டு இன்று ஒரு கடனை எவ்வாறு நிறுவுவது? இதற்கு நேர்மையான விடை, இக்கடன் அவர்களின் விருப்பத்திலிருந்து பிறப்பதன்று என ஒப்புவதே. அவர்களுக்கு இறந்தோர் தொலைவில் இல்லை. ஆண்டுதோறும் வேண்டுதலில் நினைக்கப்பட்டனர். கல் போனாலும் நினைவுக்கு வேறு வழி இருந்தது. அவ்வழி 1547க்குப் பின் அடைபட்டது. எஞ்சியது கல் ஒன்றே. ஒரு பொருளின் மதிப்பு அதனை ஆக்கியவர் காலத்தில் இருந்த அளவிலேயே நிற்பதில்லை. துணைகள் எல்லாம் அகன்றபின் தனித்து நிற்பதன் பொறுப்பு கூடிவிடுகின்றது.

இனி மிக வலிய வாதம் ஒன்றுண்டு. கோஸ்ஃபோர்த் கல்லறைத் தோட்டத்தில் 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, நாலரை மீட்டர் அளவு உயர்ந்த மெல்லிய சிலுவை இன்றும் முழுமையாக நிற்கின்றது. அதில் ஒருபுறம் கிறிஸ்துவின் சிலுவைப்பாடு. மறுபுறம் கட்டுண்டு கிடக்கும் லோகி, அவன்மேல் நஞ்சு விழாமல் கிண்ணம் ஏந்தும் மனைவி சிகின் என நார்ஸ் தொன்மக் காட்சிகள். 1880களில் அதற்கு அச்செடுத்துப் படிகள் செய்யப்பட்டன. ஒன்று லண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. 1887இல் அதே பகுதியின் ஆஸ்பாட்ரியா கல்லறைத் தோட்டத்தில் கல்லிலேயே ஒரு படி நிறுத்தப்பட்டது. இவ்வாறிருக்க, மூலத்தை உள்ளே வைத்துப் படியை வெளியே நிறுத்தினால் இரு கடன்களும் தீரும் அன்றோ? நினைவூட்டலே கல்லின் பணி எனில் அதனைப் படியும் செய்யும். செதுக்கலே அதன் மதிப்பு எனில் மூலம் பிழைக்கும். தருக்க முறையில் இதனை மறுப்பது கடினம்.

மறுப்பு வேறிடத்திலிருந்து எழுகின்றது. பார்வையாளர்க்கு மூலம், இறந்தோர்க்குப் படி என வகுப்பது ஒரு தரவரிசையை நிறுவுகின்றது. கலைப்பொருளாகப் பெயர் பெற்றது காக்கப்படும். பெயரற்றோரின் நினைவுக்கு மாற்றுப்பொருள் போதும். 1643இன் விலக்குப் பிரிவில் கண்ட அதே பார்வை இங்கும் மென்மையான உருவில் நுழைகின்றது. செதுக்கியவரின் கருத்தும் எண்ணத்தக்கது. பியூகாசில் தூணின் தென்முகத்துக் கதிர்க்கடிகையைக் கூரையின்கீழ் நிறுத்தினால் அது கடிகையின் படமாகவே எஞ்சும். வெயிலில் நிற்பதற்கென்றே அமைந்த பொருளை வெயிலிலிருந்து காப்பாற்றும்போது காக்கப்படுவது எது என்பது தெளிவாக இல்லை.

இதனால் மழையின் வலிமை குறைந்துவிடாது. சுண்ணாம்புக்கல்லில் கந்தகப் புகை படிந்து கருமேலோடாக இறுகி உதிர்கின்றது. மணற்கல்லில் நீர் ஊறி உறைந்து ஏடு ஏடாகப் பெயர்கின்றது. முற்காலப் பழுதுபார்ப்பில் செருகிய இரும்பு ஆணிகள் துருவேறிப் பருத்துக் கல்லைப் பிளந்துள்ளன. சிமெண்டுப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துக் கேடு செய்கின்றது. கற்பாசி எனப்படும் லைக்கன்களைச் சுரண்டித் தூய்மை செய்வதும் ஒரு தீர்வாகச் சொல்லப்படும். ஆனால் பிரிட்டனின் லைக்கன் இனங்களில் 700க்கும் மேற்பட்டவை தேவாலய வளாகங்களில் காணப்படுகின்றன. பழங்கல்லே அவற்றுள் பலவற்றின் உறைவிடம். ஆக, காத்தலின் பேரால் அங்கும் ஒன்றை அழித்தே மற்றொன்றைப் பெற வேண்டியுள்ளது.

இந்நிலையில் எல்லாக் கற்களுக்கும் ஒரே விதி கூறுதல் பொருந்தாது. மண்ணோடுள்ள உறவு அறுந்த துண்டு, சுவரிலிருந்து விழுந்த பலகை, கிடக்குமிடம் அறியாது புல்லில் புதைந்த உருவம் ஆகியவற்றை மழையில் விட்டுவைப்பது பணிவன்று, வெறும் புறக்கணிப்பே. அவற்றுக்குக் கூரை வேண்டும். இயன்றவரை அவ்வூரின் கூரையே வேண்டும். நட்ட இடத்தில் நிற்கும் சிலுவையின் நிலை வேறு. இரும்பை நீக்கிச் சுண்ணச்சாந்து இட்டு, அடியில் நீர் தேங்காமல் வடிகால் அமைத்து அதனை அங்கேயே நிற்கவிடுவதே தக்கது. இங்கிலாந்துத் திருச்சபையில் இத்தகைய மாற்றம் எதற்கும் மறைமாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும் என்னும் நடைமுறை, காலத்தாழ்வுக்காகப் பலராலும் குறை கூறப்படுவது; அவசரத்தில் முடிவு செய்யக்கூடாத பொருளுக்கு அத்தாழ்வு தீமையன்று. டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் ரோஸ்மேரி கிராம்ப் தொடங்கி, 1984 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்த ஆங்கிலோ சாக்சன் கற்சிற்பத் தொகுப்பு, ஒவ்வொரு கல்லையும் அளந்து, படமெடுத்து, விளக்கி வைத்துள்ளது. கல் நிற்கும் இடத்தை மாற்றாமல் கல்லைக் காக்கும் வழிகளில் அதனினும் சிறந்தது இல்லை.

இம்முடிவுக்கு விலை உண்டு. இன்னும் சில நூற்றாண்டுகளில் பியூகாசில் கொடியின் கனிகளும் அவற்றை உண்ணும் பறவைகளும் மறையக்கூடும். அப்போது பிறக்கவிருப்போர் படங்களையே காண்பர். அவர்களுக்கும் இக்கல்மேல் உரிமை உண்டு. அவ்வுரிமையைக் குறைத்தே இன்றைய கடன் தீர்க்கப்படுகின்றது என்பதை மறைத்தல் கூடாது.

பியூகாசில் தூண் ஊர்ப்பொதுச் சிலுவையாகத் தொடங்கவில்லை என்பதும் இங்குச் சேர்த்துச் சொல்லத்தக்கது. மேற்கு முகத்தின் நீண்ட பொறிப்பு, குறிப்பிட்ட சிலரின் நினைவாக அது எழுப்பப்பட்டதைக் கூறுவதாகவே கொள்ளப்படுகின்றது. அவர்கள் அரச குடியினரா, குருமாரா என்னும் வழக்கு ஓயவில்லை. பொறிப்பு தேயத் தேய, பெயருடையோர்க்கென நட்ட கல் அதைச் சுற்றிக் கிடக்கும் பெயரற்றோர்க்கும் உரியதாகிவிட்டது. வடமுகத்தில் மட்டும், கொடிப்பின்னலுக்கும் சதுரக்கட்டங்களுக்கும் இடையே, கினிபர்க் என்னும் ஒரு பெண்ணின் பெயர் இன்னும் படிக்கக்கூடியதாக உள்ளது.